டாட் டேப்பை கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கொள்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு பழைய வீடு இடிபடுகிறது. மங்களூர் ஓடும் மங்கி டாப் ஜன்னலும் போய், அந்த இடத்தில் நாலு மாடி எழும்புகிறது. வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளைக் கொஞ்சம் கிளறிப் பார், தங்கச்சி. சாதாரண ஆடியோ கேசட்டைவிடச் சின்னதாக, 73 மில்லிமீட்டர் நீளமும் 54 மில்லிமீட்டர் அகலமுமாக, மேலே டி.ஏ.டி. என்ற மூன்று எழுத்தோடு சில கேசட்டுகள் கிடைக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதே. அதுதான் டாட், டிஜிட்டல் ஆடியோ டேப்.

சோனி 1987இல் கொண்டுவந்த சரக்கு இது. விலை அதிகம் என்பதால் வீடுகளுக்குள் பெரிதாக வரவில்லை. ஆனால் 90களில் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்காரர்கள் மாஸ்டர் பிரதி என்றால் இதைத்தான் நீட்டுவார்கள். அப்புறம் கச்சேரிப் பைத்தியங்கள். கோட்டை ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிக் கச்சேரிக்கும் சௌடையா ஹாலுக்கும் தோள்பையில் டாட் வாக்மேனோடு போகிற ரசிகர்களில் எங்கள் சித்தப்பாவும் ஒருவர். சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கேரலை இதில் பதிந்து வைத்தவர்களும் நம் பக்கத்தில் உண்டு.

பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மாதிரியே இதையும் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஏற்றிவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கேதான் தரம் போகிறது. டாட் டேப்பில் இருப்பது வெறும் எண்கள். பெரும்பாலும் வினாடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்திருக்கிறது. கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவதற்கும், ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் காதால் கேட்டு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் டிஜிட்டல் ஒயருக்கும் ஹெட்போன் ஒயருக்கும். எண்ணை எண்ணாகவே எடுத்தால் ஒரு துளியும் குறையாது. நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

டேப்பைத் தொடுவதற்கு முன்

கேசட்டின் முதுகுப் பக்கம் ஒரு குட்டித் தள்ளுதாழ் இருக்கும். துளை திறந்து தெரியும்படி அதைத் தள்ளிவிடு. இனி யார் கை தவறி ரெக்கார்டை அமுக்கினாலும் பதிவு அழியாது.

அடுத்தது ஈரம். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் பீரோக்களின் வாசனை உனக்கே தெரியும். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில் போடாதே. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். தனியே எடுத்து வை, தெரிந்தவரிடம் காட்டி முடிவு செய். நல்ல கேசட்டுகளையும் டெக் இருக்கும் அறையிலேயே ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் ஓட்டு. குளிர்ந்த இடத்திலிருந்து வந்த டேப்பை உடனே போட்டால் உள்ளே சுழலும் டிரம் மேல் பனி மாதிரி ஈரம் படியும், டேப் அதில் ஒட்டிக் கிழியும். நிறைய டெக்குகளில் இதற்கென்றே 'டியூ' என்று ஒரு எச்சரிக்கை எரியும். எரிந்தால் அணைத்துவிட்டுப் பொறுமையாக இரு. மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காய வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

அட்டையில் சித்தப்பா கையெழுத்தில் எழுதியிருப்பதை முதலிலேயே போனில் போட்டோ எடுத்துக்கொள். பாடினவர், பக்கவாத்தியம், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

டெக் வேட்டை

தலைவலி இங்கேதான். டாட் டெக் தயாரிப்பை சோனி 2005இல் நிறுத்திவிட்டது. ஆக இன்று உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டெக் எல்லாம் பழசு. எஸ்.பி. ரோட்டில் எந்தக் கேபிள் கேட்டாலும் கிடைக்கும், டாட் டெக் கேட்டால் கடைக்காரர் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். மூடிப்போன ஸ்டூடியோக்களின் சாமான்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்களின் கோடவுன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் பழைய கைகள் என்று விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். டாஸ்காம் டிஏ-40, பானசோனிக் எஸ்வி-3700, சோனி பிசிஎம்-ஆர்500 மாதிரி ஸ்டூடியோ டெக் ஒன்று வாடகைக்குக் கிடைத்தால்கூடப் போதும்.

வாக்மேன் ரகம் கையில் இருந்தால் ஒன்றைக் கவனி. சோனி டிசிடி-டி7, டி8 இரண்டிலும் டிஜிட்டல் அவுட் சாதாரணத் துளையாக இருக்காது. ஏழு பின் கொண்ட ஒரு தனி இணைப்பு, அதற்கென்று தனிக் கேபிள். மெஷினை விற்கிறவர் கேபிளைத் தொலைத்திருப்பார். கேபிள் இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினால் ஹெட்போன் துளைதான் மிச்சம்.

வாங்குவதற்கு முன்போ ஓட்டுவதற்கு முன்போ, போனாலும் கவலையில்லை என்கிற ஒரு டேப்பைப் போட்டுப் பார். உள்ளே இழுக்கிறதா, வெளியே தருகிறதா, முழுக்க முன்னால் ஓடி முழுக்கப் பின்னால் சுற்றுகிறதா? டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் ரோலர் காலப்போக்கில் இறுகிப் பளபளக்கும். அப்படிப்பட்ட டெக் டேப்பைத் தின்னும். சித்தப்பாவின் கச்சேரியை வைத்துப் பரிசோதனை செய்யாதே.

ஹெட் துடைப்பதில் நம் ஆட்கள் ரொம்ப தைரியசாலிகள். காது குடையும் பட்ஸை எடுத்து டிரம்மை மேலும் கீழும் தேய்ப்பார்கள். டாட் டிரம் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்வது. அதில் ஹெட் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சில்லு. மேலும் கீழும் இழுத்தால் ஒடிந்துவிடும், பஞ்சு நூல் மாட்டினாலும் ஒடியும். நூல் உதிராத துணிக்குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைத்தான் விரலால் மெல்லச் சுழற்ற வேண்டும். தைரியம் இல்லையென்றால் டாட் கிளீனிங் கேசட்டைச் சில வினாடி ஓட்டு, போதும்.

துடைப்பது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். டிரம்மில் இரண்டு ஹெட். ஒற்றைப்படை அளவுகளும் இரட்டைப்படை அளவுகளும் டேப்பில் மாறி மாறிப் பிரித்து எழுதப்பட்டிருப்பதால், ஒரு ஹெட் அழுக்கில் அடைத்துப் போனாலும் மற்றதை வைத்து டெக் நடுவில் உள்ளதை ஊகித்து நிரப்பிப் பாடிவிடும். சத்தம் வரும், தாளமும் வரும், ஆனால் தம்புராவின் மேல் ஒலிகள் மழுங்கிக் கரகரக்கும். பழைய டேப் இப்படித்தான் என்று நாமும் நினைத்துக்கொண்டு அதையே பதிந்து வைப்போம். ஒலி கொஞ்சம் சொரசொரப்பாகப் பட்டால் டேப்பைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டைத் துடை.

ஒயரும் பெட்டியும்

டெக்கின் பின்னால் டிஜிட்டல் அவுட் மூன்று வகையில் இருக்கும். ஆர்சிஏ துளையாக இருந்தால் கோ-ஆக்சியல். அதற்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ ஒயரே இதற்குப் பொருந்தும், சிவப்பு வெள்ளை ஆடியோ ஒயரைத் தவிர்த்துவிடு. சின்னச் சதுரத் துளையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் ஆப்டிகல். அந்தக் கேபிளின் முனையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், கழற்றிவிட்டுச் செருகு. அதை மடக்கி வளைக்கவும் கூடாது. மூன்று பின் உள்ள பெரிய எக்ஸ்எல்ஆர் என்றால் அது ஸ்டூடியோ வகை, கம்ப்யூட்டர் பக்கத்துப் பெட்டியிலும் அதே வகை இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் சொருக யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவை. வாங்கும்போது டிஜிட்டல் 'இன்' இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்கு. விலை குறைந்த பெட்டிகளில் ஆப்டிகல் என்று போட்டிருப்பது பெரும்பாலும் அவுட் மட்டும்தான். லேப்டாப், மதர்போர்டு விஷயத்திலும் அதே கதை. 2000களின் கடைசியில் வந்த சில மேக்புக் ப்ரோக்களில் லைன்-இன் துளைக்குள்ளேயே ஆப்டிகல் இன் ஒளிந்திருந்தது. வீட்டில் அப்படியொன்று தூங்கினால் ஒரு சின்ன ஆப்டிகல் அடாப்டரோடு வேலை முடிந்தது.

கம்ப்யூட்டர் செய்யும் குறும்பு

ஒயர் சரியாக இருந்தும் தரம் போவது மென்பொருளில்தான். முதலில் கிளாக். டெக் தன் வேகத்தில் எண்களை அனுப்பும், கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தில் வாங்கும். இரண்டும் கொஞ்சம் விலகினால் அங்கங்கே டிக் டிக் என்று சத்தம் விழும். இன்டர்ஃபேஸின் செட்டிங்கில் கிளாக் சோர்ஸ் என்று இருப்பதை எக்ஸ்டர்னல் அல்லது எஸ்பிடிஐஎஃப் என்று மாற்று. அதாவது டெக் தலைவர், பெட்டி தொண்டர். சில பெட்டிகளில் உள்ளே வரும் ஒலியின் விகிதத்தைத் தானாக மாற்றும் எஸ்ஆர்சி என்ற வசதி இருக்கும். வசதிதான், ஆனால் நமக்கு வேண்டாம். அணைத்துவிடு.

பிறகு சாம்பிள் ரேட். டெக்கின் முகப்பில் 48, 44.1, 32 என்று எது எரிகிறதோ அதையே கம்ப்யூட்டரிலும் வை. விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ், மேக்கில் ஆடியோ மிடி செட்டப், ரெக்கார்டு செய்யும் மென்பொருள், மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். 48இல் பதிந்த கச்சேரியை 44.1 என்று பெயர் ஒட்டிச் சேமித்தால் என்ன ஆகும் தெரியுமா? 60 நிமிடப் பதிவு 65 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். 5 கட்டையில் பாடின அம்மா நாலரைக்கும் நாலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பார். மிருதங்கக்காரர் தூங்கி வழிவார். ஒரே டேப்பில் பாதியில் விகிதம் மாறுவதும் உண்டு. ஒரு நாள் ஒரு மெஷின், மறுநாள் வேறு மெஷின் என்று பதிந்தவர்கள் வீட்டு டேப்பில் இதைப் பார்க்கலாம். மாறும் இடத்தில் நிறுத்தி, புது ஃபைலாகத் தொடங்கு.

32 எரிந்தால் அது பெரும்பாலும் எல்பி பதிவு. டேப் இரட்டிப்பு நேரம் வரட்டும் என்று 12 பிட்டில் சுருக்கிப் பதிந்தது. தேவையானதை டெக்கே விரித்துத் தந்துவிடும். ஆனால் இன்றைய இன்டர்ஃபேஸ்கள் பலவும் 44.1க்குக் கீழே இறங்கவே இறங்காது. இப்படி டேப்புகள் இருந்தால் 32 கிலோஹெர்ட்ஸை ஏற்கும் பெட்டிதானா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடு.

முகப்பில் 'எம்ஃபசிஸ்' என்று எரிகிறதா என்றும் ஒரு கண் வை. சில பதிவுகளில் இரைச்சலைக் குறைக்க உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள், திரும்ப இறக்க வேண்டியது ஓட்டும் மெஷினின் பொறுப்பு. டிஜிட்டலாக இழுக்கும்போது அந்தக் குறிப்பு வழியில் விழுந்துவிடும், வயலின் காதைக் குத்தும். மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்பதற்கான பிரதியில் மட்டும் சாக்ஸ் என்ற இலவச மென்பொருளின் டீ-எம்ஃபசிஸ் கட்டளையை ஓட்டு.

ஆடாசிட்டியில் பதிவாய் என்றால் பிரிஃபரன்ஸில் டிதர் என்பதை 'நன்' ஆக்கு. இல்லாவிட்டால் சேமிக்கும்போது அது மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானாகக் கலக்கும். விண்டோஸின் என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணை, ரெக்கார்டிங் வால்யூமை 100இல் வைத்துவிட்டு மறந்துவிடு. ஒலி குறைவாக இருக்கிறதே என்று ஏற்றாதே. நார்மலைஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் இந்த ஆசையெல்லாம் பிரதியில் காட்டிக்கொள்ளலாம்.

பெஸ்காம் தரும் கரண்ட் மேல் உனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் டெக்கையும் கம்ப்யூட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டு. டேப் டிரம்மைச் சுற்றியிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் மட்டுமா போகும், டேப்பும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டு தடவை ஓட்டு

யாரும் செய்யாத, ஆனால் நான் விடவே விடாத வேலை இது. ஒவ்வொரு டேப்பையும் இரண்டு முறை பதிவு செய். இரண்டு ஃபைலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி ஒரே இடத்தில் தொடங்கும்படி நகர்த்து. ஒன்றை இன்வெர்ட் செய்து இரண்டையும் கல. எண்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முழு நிசப்தம் வரும். அந்த நிசப்தம் கேட்டால் வேலை சுத்தம்.

நிசப்தத்துக்கு நடுவில் எங்கோ சில இடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாகச் சத்தம் வந்தால் அங்கே டேப்பில் பழுது. டாட்டில் பிழை திருத்தும் கணக்கு உள்ளேயே இருக்கிறது, சின்னக் கீறலை எண் மாறாமல் சரிசெய்துவிடும். அதற்கும் மீறினால் ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். ஊகம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே மாதிரி இருக்காது, அதனால்தான் மாட்டிக்கொள்கிறது. மூன்றாவது தடவை ஓட்டி, எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அந்தத் துண்டை எடுத்து ஒட்டு. தொடக்கம் முதல் முடிவு வரை எங்குமே ஒத்துப்போகவில்லையா? டேப்பில் குற்றமில்லை. கிளாக்கிலோ சாம்பிள் ரேட்டிலோ கோளாறு, முந்தைய பகுதியைத் திரும்பப் படி.

டெக்கே கிடைக்காத தம்பிமார்களுக்கு ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் பேக்கப்புக்கு வந்த டிடிஎஸ் டிரைவும் இதே டேப் அளவுதான். சிலிக்கான் கிராபிக்ஸ் மெஷின்களில் வந்த சில டிரைவுகள் ஆடியோ டாட்டையும் ஃபைலாகப் படிக்கும். ஸ்கசி கார்டு, பழைய கம்ப்யூட்டர், பொறுமை மூன்றும் வேண்டும். எல்லா டிடிஎஸ் டிரைவும் படிக்காது, எடுத்தவுடனே ஏமாந்துவிடாதே. இதில் ஒரு லாபம், பதிந்த தேதியும் நேரமும் கூடவே வரும். டெக் வழியாக எடுத்தால் அந்தத் தேதி ஒயரில் வராது, முகப்பில் தெரிந்தால் நீயே நோட்டில் குறித்துக்கொள்.

கல்யாண வீடியோ இருக்கும் மினி டிவி கேசட்டையும் டாட் என்று நினைத்துப் போட்டுவிடாதே. அது இன்னும் சின்னது, 66க்கு 48 மில்லிமீட்டர். அதற்கும் அதே நியாயம்தான். கேமராவின் ஃபயர்வயர் துளையிலிருந்து, ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு நேராக எடுத்தால் படமும் ஒலியும் அப்படியே வரும், மணிக்கு 13 ஜிபி பிடிக்கும். மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரில் எடுத்தால் பாதித் தரம்.

சேமிப்பது

48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 691 எம்பி. இரண்டு மணி நேர டேப் 1.4 ஜிபிக்குள் அடங்கும். நூறு டேப் இருந்தாலும் இன்றைய ஒரு பென் டிரைவுக்குள் போய்விடும், அதனால் எம்பி3 ஆக்கி மிச்சம் பிடிக்காதே. வேவ் ஆக வை, அல்லது ஃப்ளாக் ஆக்கு. ஃப்ளாக்கில் இடம் கணிசமாகக் குறையும், எண் ஒன்றுகூட மாறாது. எம்பி3 வாட்ஸாப்பில் அத்தைக்கு அனுப்ப மட்டும். பிரதி மூன்று, அதில் ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 எண் எடுத்து ஒரு நோட்பேடில் வைத்தால், பத்து வருடம் கழித்து ஃபைல் கெட்டிருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

கேட்க அருமையாக இருக்கிறது என்று உடனே யூடியூபில் ஏற்றாதே. காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு மேடையில் பாடினவருக்கு 50 வருட உரிமை தருகிறது. பாடினவர் வீட்டாருக்கு ஒரு பிரதி கொடுத்து அனுமதி கேள். அவர்களிடமே அந்தக் கச்சேரி இருக்காது, சந்தோஷப்படுவார்கள்.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டை இன்றும் ஒரு ஊசி வைத்து ஓட்டிக் கேட்கலாம். இதே பெங்களூரில் விக்ரம் சம்பத் நிறுவிய இந்திய இசை ஆவணக் காப்பகம் அந்தக் காலத்துத் தட்டுகளைத்தான் டிஜிட்டலாக்கியது. 1995இல் பதிந்த டாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மெஷின் இல்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு 2025ஐக் கெடுவாக வைத்து 2015லேயே எச்சரித்தது. யுனெஸ்கோவும் பிறகு அதே மணியை அடித்தது. அந்தக் கெடு தாண்டிவிட்டது.

அதனால் ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஓடுகிற டாட் டெக் ஒன்று இருந்தால் விற்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். உங்கள் டேப்புகளை எடுத்து முடித்ததும், அட்டைப்பெட்டியும் டேப்புமாக மெஷின் இல்லாமல் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.